மைக் சாரின் ஏப்பம்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவரிடம் நான் சலிக்காமல் சொல்லிவந்த ஒரே விஷயம், சாப்பிட்டதும் ஏப்பம் விடாதீர்கள் என்பதுதான். அவருடைய ஏப்பம் லேசுப்பட்டதில்லை. அடுத்த வீட்டுக் கைக்குழந்தை திடுக்கிட்டு விழித்து அழும். "மனுஷங்க மாதிரி சாப்பிடவே தெரியாதா உங்களுக்கு?" என்று கரண்டியை ஓங்குவேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்படியே முப்பது வருஷம் ஓடியது. அத்தனை வருஷத்துத் திட்டும் ஒருநாள் மொத்தமாக என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தாறு வருஷம் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அவர் மைக் சார்தான். வண்டி ரத்து என்று அவர் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வருவதற்கே கொஞ்ச நேரம் ஆகுமாம், குரல் அப்படி. எனக்கும் அந்தக் குரல்மேல் கர்வம் இருந்தது. வெளியே காட்டிக்கொண்டதில்லை, காட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். வேலைப் பழக்கத்தில் வீட்டிலும் எதையும் இரண்டு தடவை சொல்லுவார். "உப்பு கம்மி. உப்பு கம்மி" என்பார். "ஒரு தடவை சொன்னா போதும், நான் ஒண்ணும் ஏழாம் நடைமேடையில நிக்கல" என்பேன்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. கழுத்தின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை, இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பேருந்து நிலையத்தைப் பார்த்திருந்த ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது. எங்கள் வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு சந்தும்தான். புதிதாக வந்த பெண்ணின் அறிவிப்புகள் அந்த ஜன்னல் வழியாகக் கேட்கும். எட்டு மாசம் அது திறக்கவே இல்லை.

அவர் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கியது. வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி ஃபிரேமை வளைத்துக் கொடுப்பது என் வேலை. மத்தியானம் கடையிலிருந்து போன் பண்ணினால் அவர் நகத்தால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "சாப்பிட்டீங்களா?" டக். "மாத்திரை போட்டீங்களா?" டக் டக். நான் இங்கிருந்து கத்த ஆரம்பிப்பேன், கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவாரோ என்று முதலாளி பயப்படுவார்.

குரல்வளை இல்லாமலும் பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே தரைத்தளத்துக் கோடி அறையில் ஒரு பேச்சு டீச்சர் இருந்தாள். என் மகள் வயசு இருக்கும், குரல் மட்டும் தலைமையாசிரியை மாதிரி. "காத்தை வாயால விழுங்கணும் சார். உள்ள போனதை அப்படியே ஏப்பமா மேல கொண்டு வரணும். அந்த ஏப்பத்தை நாக்காலயும் உதட்டாலயும் வார்த்தையா செதுக்கணும். அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாக்குப் படத்தைப் பார்த்தேன்.

மூன்று வகுப்புக்குப் போனார். மூன்றாவது நாள், வரிசையில் காத்திருந்தபோது பழகிப் பார்த்தார். ஒரு சத்தம் வந்தது. எதிரில் இருந்த அம்மாள் "சீச்சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு சரி. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். பேச முடியாதவரிடம் பேசாமல் இருப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று பிறகுதான் உறைத்தது. அவர் அசையவில்லை. நாள் முழுக்க சாத்திய ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நன்றாக இருந்த மனுஷன் என் கண் முன்னால் உப்பு மாதிரி கரைந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு புதன்கிழமை பேச்சு டீச்சர் கடைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, வார்டுல ஒரு டிரில் மாஸ்டர் சேர்ந்திருக்கார். சாருக்கு வந்த அதே கட்டி. ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டேங்கிறார். வழக்கமா வந்து பேசிக் காட்டுறவர் ஊர் மாறிப் போயிட்டார். சார் பேச வேணாம், சும்மா வந்து உயிரோட நின்னா போதும். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க நல்லா இருக்காங்கன்னு அவருக்குத் தெரியணும்."

"எப்போ ஆபரேஷன்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை. அதை விட்டா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதி. கட்டி அதுவரைக்கும் காத்திருக்காது அக்கா."

என் கணவர் வர ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பலகையைத் துடைத்து, புதுப் பேனா எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டிரில் மாஸ்டருக்கு நாற்பது வயசுதான் இருக்கும். ஆஸ்பத்திரி உடையிலும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், கழுத்தில் விசில் தொங்கியது. கரகரத்த குரலில் மரியாதையாக வரவேற்றார். என் கணவர் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி நீட்டினார்: 'பயப்படாதீங்க. எல்லாம் பழகிடும்.'

டிரில் மாஸ்டர் பலகையைப் படித்தார். அதைத் தொங்கவிட்டிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு தன் கழுத்து விசிலைத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தப் பலகையைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே. என் பொண்ணுக்குப் பத்து வயசு. மைதானத்துல எந்த மூலையில நின்னாலும் 'பாப்பா'ன்னு ஒரு குரல் கொடுத்தா ஓடி வருவா. நான் எழுதிக் காட்டினா, திரும்பிப் பார்த்தாத்தானே அவளுக்குத் தெரியும்? கூப்பிட முடியாத அப்பனா இருக்கிறதுக்கு, இருக்கிற வரைக்கும் கூப்பிட்டுட்டுப் போயிடறேன்."

தைரியம் சொல்லப் போன இடத்தில் அந்த மனுஷனின் பயத்தையே நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருந்தோம். வழி முழுக்க என் கணவர் பலகையைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி மேசைமேல் வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: 'எத்தனை நாள் இருக்கு?'

"ஒன்பது" என்றேன்.

'பழகணும்' என்று எழுதினார். பிறகு அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'உன் முன்னால் எப்படி?'

எனக்குச் சுரீர் என்றது. வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாளை எட்டு மாசமாகச் சபித்துக்கொண்டிருந்தேனே, அவள் எனக்கு முன்னால் எம்மாத்திரம்? முப்பது வருஷமாகக் கரண்டியை ஓங்கியவள் நான்தான். இவர் வெட்கப்பட்டது ஊருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று நேரே முனைக்கடைக்குப் போனேன்.

ஆறு சோடாவோடு திரும்பி வந்தேன். மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஒன்றைத் திறந்து மூச்சு விடாமல் குடித்தேன். இரண்டாவதையும் குடித்தேன். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம், இத்தனை வயசுக்கு ஒரு நாளும் செய்யாததை, வாயை மூடாமல், கையை வைத்து மறைக்காமல், வயிற்றின் அடியிலிருந்து ஒரு ஏப்பம் விட்டேன். அடுத்த வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது.

என் கணவர் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல், முகம் சிவக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எட்டு மாசத்தில் முதல் சிரிப்பு. சிரித்த கையோடு மூன்றாவது சோடாவை எடுத்துக் குடித்து, பதில் ஏப்பம் ஒன்று விட்டார். அது பழைய பெருமைக்குக் கொஞ்சமும் குறைவில்லாமல் இருந்தது.

மறுநாள் காலையிலேயே பேச்சு டீச்சர் அறையில் போய் நின்றோம். "ப, த, க, இந்த எழுத்துல ஆரம்பிங்க சார். உதட்டை மூடித் திறக்கும்போது காத்து தானா உள்ள போகும். இருக்கிறதுலயே லேசு 'ப'தான்" என்றாள். அவர் உதட்டை மூடித் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி மூடித் திறந்தார். நூறு தடவை. வீட்டுக்கு வந்து இன்னும் நூறு தடவை. வயிறு உப்பி, நெஞ்சு எரிந்து, மூன்றாம் நாள் சாப்பாடே இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, கிணற்றடியிலிருந்து தவளை கூப்பிடுவது போல 'ப்பா', 'ப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காய் நறுக்கியபடியே, "சத்தம் பத்தல, அடுத்த வீட்டுக் குழந்தை நல்லா தூங்குது" என்பேன். அவர் முறைத்துவிட்டு இன்னும் பலமாக விடுவார்.

நாலாம் நாள் சாயங்காலம் இரண்டு 'ப்பா' சேர்ந்து வந்தது. பாப்பா. இருக்கிற வார்த்தையிலேயே முதலில் வந்து விழுந்தது டிரில் மாஸ்டர் மகளைக் கூப்பிடும் வார்த்தை. அவர் என்னைப் பார்த்தார். மறுபடி சொன்னார். எதையும் இரண்டு தடவை சொல்லும் ஆள் ஆயிற்றே.

அன்றைக்கு அவரிடம் கேட்டேன், "நான் எட்டு மாசம் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். அப்போ வராத ரோஷம் இப்போ எங்கேயிருந்து வந்துது?"

பலகையை எடுத்து எழுதினார்: 'எனக்காகப் பேசணும்னா வெட்கமா இருக்கு. அவருக்காகன்னா அது ஒரு வேலை. வேலைன்னா எனக்குச் செய்யத் தெரியும்.'

எட்டாம் நாள், வியாழக்கிழமை. அவருக்கு மூன்றெழுத்து, நாலெழுத்து வார்த்தைகள் வந்திருந்தன. ஒரு காற்றுக்கு ஒரு வார்த்தை, அப்புறம் மறுபடி விழுங்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்றே முக்காலுக்குக் கடையில் போன் அடித்தது. பேச்சு டீச்சர் மூச்சு வாங்கினாள்.

"அக்கா, டிரில் மாஸ்டர் ஆபரேஷன் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டார். நாலு பத்து பஸ்ஸாம். நாங்க யாரு சொல்லியும் கேக்கல."

நான் வீட்டுக்குப் போன் போட்டேன். "என்னங்க, அவர் ஊருக்குக் கிளம்பிட்டாராம். நாலு பத்து வண்டி. நான் இங்கேயிருந்து ஓடி வரவே கால் மணி ஆகும். நீங்க போங்க. போய்ப் பேசுங்க."

டக் டக்.

"இல்லைன்னா என்ன அர்த்தம்? இதுக்கா எட்டு நாளா வயித்தைப் புண்ணாக்கிக்கிட்டீங்க?"

டக் டக். இன்னும் மெதுவாக.

எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தர் முன்னால் பேசுவது வேறு, அந்த நிலையத்தில் போய் நிற்பது வேறு. இருபத்தாறு வருஷம் ராஜா மாதிரி குரல் கொடுத்த இடம். பழக் கடைக்காரரிலிருந்து பரிசோதகர்வரை எல்லோருக்கும் தெரிந்த மைக் சார். அங்கே போய் இந்தச் சத்தத்தோடு வாயைத் திறப்பதா?

"சரி, போகாதீங்க" என்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. "அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்லாம போகட்டும். நாம ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்போம்."

ஒரு தட்டும் வரவில்லை, இரண்டு தட்டும் வரவில்லை. போன் கட்டாகிவிட்டது.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் ஓடினேன். நிலையத்துக்குள் நுழையும்போது நாலு எட்டு. இருபது நடைமேடை, திருவிழா மாதிரி கூட்டம். எந்த ஊர் வண்டி என்று டீச்சரிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினேன். எங்கேயும் விசில் தொங்கும் கழுத்தைக் காணோம். நாலு ஒன்பது. எல்லாம் போச்சு.

அப்போது தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள்... கவனத்துக்கு."

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. யாரோ சிரித்தார்கள். "மைக் ரிப்பேர்" என்றார் பெட்டியோடு நின்ற ஒருவர். எனக்கு மட்டும் தெரியும், மைக் ரிப்பேர் இல்லை. 'கவனத்துக்கு' என்றதும் ஒரு கணம் நிறுத்துவார், ஜனங்கள் திரும்புவதற்கு. குரல் மாறியிருந்தது, அந்த நிறுத்தம் மாறவில்லை.

"பயணிகள்... கவனத்துக்கு" என்று இரண்டாவது தடவையும் வந்தது. "டிரில்... மாஸ்டர். பஸ்... ஏறாதீங்க. பஸ்... ஏறாதீங்க."

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு அந்தக் கண்ணாடி அறைக்குள் கேட்டிருக்கும். ஐயோ, நிறுத்திவிடப் போகிறாரே. காற்றை விழுங்கும் சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை.

"கட்டி... எனக்கும். கத்தி... எனக்கும். பலகை... வேணாம். கேக்குதா? கேக்குதா?" மறுபடி ஒரு விழுங்கல். பிறகு, கண்ணாடி முன்னால் நின்று ஆயிரம் தடவை பழகியது, தெளிவாக, உருண்டையாக, இருபது நடைமேடைக்கும் கேட்கும்படி வந்தது. "பாப்பா. பாப்பா."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பழக் கடைக்காரர் கையில் எடுத்த பழத்தோடு அப்படியே நின்றார். "மைக் சாருய்யா! நம்ம மைக் சார்!" என்று அவர் கத்தியதும் ஒரு நடைமேடையிலிருந்து கைதட்டல் கிளம்பியது, மற்றவர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

பன்னிரண்டாம் நடைமேடையில் ஒரு வண்டியின் படியில் ஒற்றைக் காலை வைத்தபடி டிரில் மாஸ்டர் நின்றிருந்தார். கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லையா சார்?" என்று அதட்டினார். டிரில் மாஸ்டர் படியிலிருந்து காலை எடுத்தார். வண்டி அவரை விட்டுவிட்டு நாலு பத்துக்குச் சரியாகக் கிளம்பியது.

கண்ணாடி அறைக் கதவை டிரில் மாஸ்டரும் நானும் ஒன்றாகத்தான் திறந்தோம். புது அறிவிப்பாளர்ப் பெண் நாற்காலியை என் கணவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பலகை இல்லை.

"எவ்வளவு நாள்ல சார் வந்தது?" என்று டிரில் மாஸ்டர் கேட்டார்.

"எட்டு... நாள்" என்றார் என் கணவர். பிறகு ஒரு காற்றை விழுங்கிக்கொண்டு உண்மையையும் சொன்னார். "எட்டு... மாசம்... வீண்."

டிரில் மாஸ்டர் பையைத் தரையில் வைத்தார். "என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்க சார். நாளைக்குத்தானே தேதி" என்றார். மூன்று பேரும் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஜன்னலைத் திறந்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்து மக்கர் பண்ணியது, சுத்தியலால் இரண்டு போடு போட வேண்டியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறியதும் டிரில் மாஸ்டர் வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பழக ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் ஒரு தையல்காரர் வந்தார், அப்புறம் ஒரு லாரி டிரைவரம்மா. எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் சோடாவோடு உட்கார்ந்து ஏப்பம் விடுவார்கள், என் கணவர் ஒவ்வொருத்தர் உதட்டையும் பார்த்துத் திருத்துவார். நான் கரண்டியால் தாளம் போடுவேன். முன்பெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்த தாளை அழகாகப் படித்துக்கொண்டிருந்த மனுஷன், இப்போது கரடுமுரடான குரலில் தன் சொந்த வார்த்தையைப் பேசுகிறார். இந்தக் குரல்மேல் எனக்கு இருக்கும் கர்வத்தை நான் மறைப்பதில்லை.

மறுவருஷம் டிரில் மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. அறிவிப்புக்கு என் கணவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் அறிவிப்புக்குப் பிள்ளைகள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். "சிரிச்சு... முடிச்சாச்சா? சிரிச்சு... முடிச்சாச்சா?" என்றார் மைக்கில். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஆனால் அதற்கப்புறம் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார்கள்.

நூறு மீட்டர் ஓட்டத்தில் டிரில் மாஸ்டரின் மகள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா வாயைத் திறந்து அவள் கேட்டதே இல்லை. நன்றாக வரும்வரை வீட்டில் பேச மாட்டேன் என்று அவர் வைராக்கியமாக இருந்தார், எங்களையும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்தார். என் கணவர் மைக்கை அவரிடம் நீட்டினார். அவர் காற்றை விழுங்கினார்.

"பாப்பா... ஓடு!"

அவள் ஓடவில்லை. பாதி ஓட்டத்தில் சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் கோட்டை விட்டு விலகி, மைதானத்தைக் குறுக்கே வெட்டி, மேடையை நோக்கி "அப்பா! அப்பா!" என்று ஓடி வந்தாள். அவர் மைக்கைப் போட்டுவிட்டு முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்தார். அவள் வந்து மோதிய வேகத்தில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

என் கணவர் கீழே கிடந்த மைக்கை எடுத்துத் தூசி தட்டினார். ஒரு காற்றை ஆழமாக விழுங்கினார்.

"கடைசி இடம்... பாப்பா" என்று அறிவித்தார். "கடைசி இடம்... பாப்பா."

மைதானமே எழுந்து கைதட்டியது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கத்தினேன்.